நாட்காட்டி உருவாக்கிய கூட்டம்

சீனாவில் பணியாற்றவோ பயிலவோ சென்ற அயல்நாட்டவர், அக்டோபர் விடுமுறையில் பெருஞ்சுவரைக் காணச் சென்றால், சுவரைவிட மனிதத் தலைகளையே மிகுதியாகக் காண்பர். மக்கள்தொகையே இதற்குக் காரணம் என்று கருதுவது எளிது. ஆனால், இக்கூட்டத்தை உருவாக்கியதில் அரசின் நாட்காட்டிக்கும் பெரும்பங்கு உண்டு.

1997-இன் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின், உள்நாட்டு நுகர்வைப் பெருக்கச் சீன அரசு முற்பட்டது. 1999-இல் வசந்த விழா, மே நாள், தேசிய நாள் ஆகியவற்றுக்குத் தலா மூன்று நாள் விடுமுறை என வகுத்து, அவற்றுடன் வார இறுதிகளை இணைத்து ஏழு நாள் ‘பொன் வாரங்களை’ அமைத்தது. இணைத்த நாள்களுக்கு ஈடாக வேறு சனி, ஞாயிறுகளில் பணிக்கு வர வேண்டும். ஓய்வு சற்றே கூடியது; பெரும்பாலும் இடம் மாறியது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 2012 அக்டோபர் 2 அன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு ஏறத்தாழ 1,82,000 பேர் வந்தனர். 2015-இல் அங்கு நாளொன்றுக்கு 80,000 பேர் என வரம்பு விதிக்கப்பட்டது.

நெரிசலைப் பரவலாக்க, 2008-இல் மே விடுமுறை ஒரு நாளாகக் குறைக்கப்பட்டு, சிங்மிங், டிராகன் படகு, நடு இலையுதிர் விழாக்கள் விடுமுறைகளாயின. அவ்வாண்டே ஊதியத்துடன் கூடிய விடுப்பும் விதியாயிற்று. எனினும், பத்தாண்டுப் பணி நிறைவுறாதோர்க்கு அது ஆண்டுக்கு ஐந்து நாள் மட்டுமே.

தாம் விரும்பிய நாளில் ஓய்வெடுக்கும் வாய்ப்பு குறுகியிருக்கும்வரை, கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் புறப்படுவதைத் தவிர வழியில்லை. அந்நெரிசலில் சிக்கும் அயல்நாட்டவர் சந்திப்பது சீனரின் இயல்பையன்று. அவர்களது விடுப்பின் வறுமையையே.