கோப்பையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி

போன மாசம் அணுபுரத்தில் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா அலமாரியில் இருந்து ஒரு பழைய பீங்கான் டீ செட்டை எடுத்து வைத்தார். டீ பாட், பால் ஜாடி, அஞ்சு கப், ஆறு சாசர். (ஆறாவது கப்பை நண்பன் சின்ன வயசுல உடைச்சுட்டானாம்.)

"மகாபலிபுரத்துல ஒரு கடைக்காரர் இது டச்சுக்காரன் காலத்துது, நல்ல விலை போகும்னார்ப்பா. வித்துடலாமா?"

பக்கத்துலயே சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை இருக்கே, யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை வேற. பெரிய 'வி', அதோட ரெண்டு கால்லயும் 'ஓ'வும் 'சி'யும். அந்தக் கம்பெனி 1799-லயே கலைஞ்சு போச்சு. நம்ம சாசரைத் திருப்பினா 'மேட் இன் இங்கிலாந்து'! வெளிநாட்டுச் சரக்குல நாட்டுப் பேர் இருக்கணும்னு 1890-ல அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் இந்த வழக்கமே பரவிச்சு. 'மேட் இன்' சேர்ந்தா பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ஆக, டச்சு இல்லை.

கப்ல இருந்த சின்னத்தில் ஒரு வெள்ளைக் கொடி. ஓரம் மீன்வால் மாதிரி பிளந்து, நடுவுல சிவப்புப் பெருக்கல் குறி. கூகுளாண்டவர் பத்து நிமிஷத்துல சொல்லிட்டார்: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி.

வி.ஓ.சி.ன்னு நினைச்சுத் தேடினா, நம்ம வ.உ.சி. மோதின கம்பெனி வந்து நிக்குது :-) தூத்துக்குடி-கொழும்பு வழியில் இவங்க ஆதிக்கத்தை உடைக்கத்தானே அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார்? இவங்க கட்டணத்தைக் குறைச்சே நெருக்கினாங்க. 1908-ல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, ஜெயில்ல செக்கு. 1911-ல் அந்தக் கம்பெனியும் மூடியாச்சு. இதெல்லாம் தெரிஞ்சப்புறம் அந்தக் கப்ல டீ குடிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது.

அம்மாவுக்கு வேற ஞாபகம். "எங்கப்பா பினாங்குல இருந்து ரஜூலா கப்பல்லதாம்பா நாகப்பட்டினம் வந்து இறங்கினார்." ரஜூலாவும் இதே கம்பெனிதான். 1926-ல் கட்டினது, மெட்ராஸ், நாகை, பினாங்கு, சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் ஓடினது. தாத்தா டெக் டிக்கெட், பாயை விரிச்சுப் படுத்து வந்தவர். கொடி போட்ட கப் எல்லாம் கேபின்காரங்களுக்கா இருக்கும். அப்புறம் எப்படி இவர் கைக்கு வந்துச்சு?

"அப்பா வாங்கித்தான் இருப்பார்"னு அம்மா அழுத்திச் சொன்னார். நண்பன் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சான். கடைக்காரரோட நம்பர் எழுதின சீட்டு மட்டும் அன்னிக்கே குப்பைக்குப் போயிடுச்சு.