தாய்ப் பக்கமும் சேய்ப் பக்கங்களும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வேலை செய்யும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. எழுதியதையே மீண்டும் மீண்டும் எழுதும் துன்பத்திலிருந்து இணையப் பக்கங்களை ஆக்குவோர் விடுபட்ட கதையை இன்று கூற விழைகின்றேன்.

1991ஆம் ஆண்டில், ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து டிம் பெர்னர்ஸ் லீ உலகுக்கு அளித்த இணையத்தளத்தில் பக்கங்கள் சிலவே. தளங்கள் பெருகியபோது இடர் தோன்றியது. தலைப்பும் பொருளடக்கமும் அடிப்பகுதியும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்பட்டிருந்தன. தலைப்பில் ஒரு சொல்லை மாற்ற வேண்டின் நூறு பக்கங்களையும் திருத்த வேண்டும். பின்னர்ப் பொதுவான துண்டுகளைத் தனியே வைத்து, வேண்டுமிடத்தில் சேர்க்கும் வழி வந்தது. ஆயினும் அவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு பக்கமும் தானே சொல்ல வேண்டியிருந்தது.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு என்னும் செய்தித்தாளில் அட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் பணியாற்றினர். செய்தித்தாள் காத்திராது, குறித்த நேரத்தில் பக்கம் வெளிவந்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் அவர்கள் உருவாக்கிய கருவித் தொகுதி, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார்க் கலைஞரின் பெயர் தாங்கி, 2005 ஜூலையில் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது.

ஜாங்கோவில் தாய் வார்ப்புரு ஒன்று பக்கத்தின் முழு அமைப்பையும் தாங்கி நிற்கும். மாறக்கூடிய இடங்களுக்குப் பெயரிட்டு, 'பிளாக்' என்று குறித்து வைப்பர். சேய் வார்ப்புரு தன் முதற்குறியாக 'எக்ஸ்டென்ட்ஸ்' என்று எழுதித் தன் தாயைச் சுட்டும். பிறகு தனக்கு வேண்டிய இடங்களை மட்டும் நிரப்பும். நிரப்பாத இடத்தில் தாயின் எழுத்தே நிற்கும். தாய் எழுதியதை விடாமல், அதனோடு தன்னுடையதைச் சேர்க்கவும் வழியுண்டு. தளத்துக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று படிகளாக அமைப்பதும் வழக்கம். 2008இல் வெளிவந்த ஜின்ஜா 2 என்னும் வார்ப்புரு மொழியும் இந்நெறியையே மேற்கொண்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. நான் இளம் ஆசிரியனாக இருந்த நாளில், தேர்வு அட்டவணைக்கான ஸ்டென்சிலில் ஒரு தேதியைப் பிழையாக வெட்டிவிட்டேன். பிரதிகள் எல்லாம் அப்பிழையையே சுமந்து சென்றன. பிள்ளைகள் வேறு பாடத்தைப் படித்துக்கொண்டு வந்து நின்றனர். அவர்களுடைய திகைத்த முகங்களை நான் மறக்கவில்லை. தாய்ப் பக்கத்தின் திருத்தம் எல்லாப் பக்கங்களையும் திருத்துவது போலவே, அதன் பிழையும் எல்லாப் பக்கங்களையும் கெடுக்கும்.

ஆகவே மாணவர்களே, பலருக்குப் பொதுவான ஒன்றை ஆக்குவோன் பன்மடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். உழைப்பு குறையலாம், பொறுப்பு குறைவதில்லை.