பாலாற்றங்கரைக் கூத்தும் அதன் இளையோரும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையில் அமைந்துள்ள காவேரிப்பாக்கம், 2019இல் பழைய வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கி அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று வழங்கிய இவ்வூர், 1752இல் ராபர்ட் கிளைவின் படைக்கும் சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பின் படைக்கும் நடந்த போரால் ஆங்கிலேய வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. ஆனால் இவ்வட்டாரத்தின் கலை வரலாற்றை அறிய முயல்வோருக்குப் போர்க்களத்தைவிட ஏரியே பெரிய சான்று. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் பேரேரிகளில் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரியும், பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் மற்ற ஏரிகளும் நெல் விளைவித்தன. அறுவடை முடிந்து களம் ஓய்ந்த பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் ஊர் மக்களுக்கு ஓய்வும் கையில் சிறிது பணமும் இருந்தன. அந்த ஓய்விலும் பணத்திலும்தான் கூத்து வளர்ந்தது.

பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் திரௌபதி அம்மன் கோயில் விழா பாரதம் என்றே அழைக்கப்படுகிறது. பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்குவதும், இரவில் அதே கதையைக் கூத்தர்கள் ஆடுவதும், இறுதி நாளில் மண்ணால் செய்த பேருருவத் துரியோதனன் கிடக்கும் படுகளமும் தீமிதியும் நிகழ்வதும் இவ்விழாவின் ஒழுங்கு. திரௌபதி கல்யாணம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதையாகக் கூத்து நீளும். கர்ண மோட்சத்துக்கு மட்டும் கோயிலுக்கு வெளியிலும் ஓர் இடம் உண்டு. இறந்தவரின் கருமாதியை ஒட்டி அதை ஆடச் செய்யும் வழக்கம் இப்பகுதியில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எனவே இவ்வட்டாரத்தில் வளர்ந்த ஒரு சிறுவனுக்குத் திருவிழாவிலும் துக்கத்திலும் கூத்தின் இசை காதில் விழுந்துகொண்டே இருந்தது. பயிற்சி என்று பெயரிடப்படாத பயிற்சி அங்கேயே தொடங்கியது.

தெருக்கூத்து என்று பரவலாக அறியப்படும் இக்கலையைக் கட்டைக்கூத்து என்றும் கூறுவர். அரசர்களுக்கும் வீரர்களுக்கும் உரிய கிரீடம், புஜக்கட்டை என்னும் தோளணி, மார்பணி ஆகியவை எடை குறைந்த மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணமும் கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்பட்டவை. இக்கட்டைகளை அணிந்து ஆடும் வேடமே கட்டை வேடம். ஆயினும் காண்போரின் கண்ணை இக்கட்டைகள் ஈர்க்கும் அளவுக்கு, விடியும்வரை கூத்தைத் தாங்கி நிற்பவர்கள் ஆடுகளத்தின் பின்புறம் அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர்களே என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவை அவர்களுடைய கருவிகள். முகவீணை என்பது பெயரில் வீணை இருந்தாலும் நரம்புக் கருவி அன்று. நாகசுரத்தின் இனத்தைச் சேர்ந்த, சீவாளி பொருத்தி ஊதும் மிகச் சிறிய குழல். அதன் உச்சமான ஒலி, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பல நூறு பேர் அமர்ந்த திறந்தவெளியின் கடைசி வரிசைவரை எட்டியது. நடிகர் பாடி நிறுத்திய அடியை வாங்கிப் பின்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாட, அதே அடியை முகவீணைக்காரர் நகாசுகளோடு ஊதிக் காட்ட, அந்த இடைவெளியில் நடிகர் மூச்சு வாங்கி அடவு ஆடுவார். எட்டு மணி நேரம் ஆடும் ஒருவரின் குரலும் உடலும் தாங்குவதற்கு இம்முறையே வழி செய்தது.

கூத்து கற்க வரும் சிறுவன் முதலில் அமர்வதும் இந்தப் பின்பாட்டு வரிசையில்தான். தாளம் தட்டுவது, அடியின் கடைசிச் சொல்லைப் பிடித்துச் சேர்ந்து பாடுவது, பெட்டி சுமப்பது, அரிதாரம் குழைப்பது என்று தொடங்கி, அபிமன்யு போன்ற இளைஞர் வேடத்துக்கும் பின்னர் பெண் வேடத்துக்கும் அவன் உயர்வான். விருத்தமும் தருவும் வசனமும் கலந்த நாடகத்தை ஏட்டைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் உண்டெனினும், பெரும்பாலோர் இரவுக்கு இரவு கேட்டே கற்றனர். மகரக்கட்டு எனப்படும் குரல் உடையும் பருவம் அவர்களுக்குக் கடுமையான சோதனை. அந்த ஓரிரு ஆண்டுகளில் பாட முடியாத இளைஞர் பலர் மிருதங்கத்துக்கோ ஆர்மோனியத்துக்கோ மாறுவதும், அங்கேயே நிலைப்பதும் உண்டு. வாத்தியார் என்று அழைக்கப்படும் குழுத்தலைவர் இவர்களுக்கு ஆசிரியராகவும் முதலாளியாகவும் பல வேளைகளில் தந்தையாகவும் இருந்தார்.

இந்த ஏற்பாட்டில் பாராட்டத்தக்கது எவ்வளவு உண்டோ அவ்வளவு கொடுமையும் உண்டு. ஊர்ப் பணி செய்யும் சாதிகளைச் சேர்ந்தோருக்குக் கூத்து ஆடுவது உரிமையாகவும் கடமையாகவும் இருந்த காலத்தில், களத்தில் கிடைக்கும் நெல்லே அவர்களுக்கு ஊதியமாக இருந்தது. பின்னர் அச்சாரம் என்னும் முன்பணம் பெற்று ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளும் முறை வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி பிரெய்ன் தம்முடைய கட்டைக்கூத்து ஆய்வில் இம்மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். தொழில் ஊர்க் கடமையிலிருந்து சந்தைக்குச் சென்றபின் விழா மாதங்களில் தொடர்ந்து இரவுகளில் ஆட வேண்டியிருந்தது. இரவெல்லாம் விழித்த சிறுவன் காலையில் பள்ளிக்குச் செல்ல இயலாது. கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ நின்றுபோனதற்கு அவர்களுடைய அறிவு காரணம் அன்று, இந்த இரவுகளே காரணம்.

சிறுவர்களையும் இசை வல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பயிற்றும் முயற்சி தமிழ் நாடக உலகுக்குப் புதியது அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அதைப் பின்பற்றிய பாய்ஸ் கம்பெனிகளும் அவ்வாறே இயங்கின, டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கிருந்து உருவானவர்களே. இந்த நாடகக் கம்பெனிகளின் வழியாகவே ஆர்மோனியம் கூத்துக்குள்ளும் வந்தது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1970களின் தொடக்கம்வரை அந்தத் தடையைக் காத்தது. கூத்துக்காரர்களோ சுருதி பிடிக்கவும் பாட்டைத் தொடரவும் எளிதாயிருந்த அக்கருவியைத் தயக்கமின்றி ஏற்றனர். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஆர்மோனியம் வாசிக்கக் கற்றவர் எளிதில் கிடைத்தமையால், மூச்சை அடக்கிப் பல ஆண்டுகள் பயில வேண்டிய முகவீணைக்கு ஆள் குறைந்தது. முகவீணை இல்லாமலே கூத்து நடத்தும் குழுக்கள் பெருகின. இந்த இழப்பு கட்டை அணிகளின் மெருகு மங்கியதைவிடப் பெரியது. ஏனெனில் முகவீணை போன இடத்தில் பாடும் முறையே மாறுகிறது.

நகரத்து இளையோர் கூத்தை நாடி வந்த காலம் 1970களில் தொடங்குகிறது. செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசையின் தம்பிரான் குடும்பத்தாருடைய கூத்தைக் கண்டு நெகிழ்ந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் பட்டறையின் இளம் நடிகர்கள் அடவும் பாட்டும் கற்றனர். அப்பரம்பரையின் கண்ணப்ப சம்பந்தன், பாரிசில் ஆரியான் முனூஷ்கின் நடத்தும் தியாத்ரு துய் சோலெய் குழுவினருக்குப் பயிற்சி அளித்ததும், 2016இல் அக்குழு மேடையேற்றிய நாடகத்தில் கூத்து இடம்பெற்றதும் இதே தொடர்ச்சியில் நிகழ்ந்தவை. இம்முயற்சிகள் கூத்துக்கு மதிப்புத் தேடித் தந்தன. ஆனால் சென்னையிலிருந்து வந்தவர்கள் கற்றுத் திரும்பினார்களே தவிர, காவேரிப்பாக்கத்தைப் போன்ற ஊர்களில் கூத்தின் அருகில் வளர்ந்த பிள்ளைகளின் நிலையை அவை மாற்றவில்லை.

அதே ஆண்டுகளில் பாலாற்றங்கரையின் பொருளியல் வேறு திசையில் சென்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட பழைய தொழில், அரைப்பதனத் தோலின் ஏற்றுமதிக்கு 1970களில் அரசு விதித்த கட்டுப்பாட்டுக்குப்பின், முழுப்பதனத் தோலும் காலணியும் செய்யும் தொழிலாக மாறி, ஆயிரக்கணக்கான இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஷிப்டு வேலைக்கு இழுத்தது. தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைக் குறித்து 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பாழ்பட்ட வயல்களோடு விழாக்களைத் தாங்கிய வேளாண் வருவாயும் சுருங்கியிருந்தது. தோலைப் பற்றிய இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தேவைப்படும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் தொழிற்சாலையில் பதனிடப்பட்டவை அல்ல. பச்சைத்தோலைக் கையால் பக்குவம் செய்து மூட்டும் வேலை, பெரும்பாலும் தலித் குடும்பங்களின் கைத்திறனாகவே தொடர்ந்து வந்தது. தோலைத் தொட்டதற்காக ஒதுக்கப்பட்டவர்களின் உழைப்பில்லாமல் கோயில் மிருதங்கமும் ஒலித்திருக்காது. இந்த உண்மையைக் கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியான தம் நூலில் மிருதங்கம் செய்வோரின் வாழ்க்கை வழியாக எடுத்துக்காட்டினார்.

இத்தகைய சூழலில்தான் 1990இல் தொழில்முறைக் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். பெருங்கட்டூர் பொன்னுசாமியின் மகனும், பத்து வயதில் கூத்துக்கு வந்து பள்ளியை விட்டவருமான பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரெய்னும் இதில் முதன்மைப் பங்கு வகித்தனர். குழுக்களுக்கிடையே இருந்த போட்டியைத் தணிப்பதும், கலைஞரின் உரிமையைப் பேசுவதும், சிறுவரை இரவு உழைப்பிலிருந்து விடுவிப்பதும் சங்கத்தின் நோக்கங்களாயிருந்தன. மூன்றாவது நோக்கத்திலிருந்து பிறந்ததே 2002இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துக் குருகுலம். காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் அது நிலைகொண்டது. குருகுலம் என்ற பெயர் பழையது, ஏற்பாடு புதியது. அங்கேயே தங்கிய பிள்ளைகள் முறையான பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒன்றாகப் பெற்றனர். பாட்டு, அடவு, வசனம், ஒப்பனை ஆகியவற்றோடு மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை ஆகிய கருவிகளும் கற்பிக்கப்பட்டன. கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் கூத்தோடு தொடர்பில்லாத ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளும் சாதி வேறுபாடின்றிச் சேர்ந்து உண்டு, சேர்ந்து பாடினர்; ஊரில் தனித்தனிக் குழுக்களாகவே இயங்கிய ஒரு கலையில் இது சிறிய செய்தி அன்று.

வெனிசுலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா என்னும் இளையோர் இசைக்குழு இயக்கத்தோடு இதை ஒப்பிடத் தோன்றலாம். வறிய பிள்ளைகளுக்கு இசை வழியாக வாழ்வு தேடும் எண்ணம் இரண்டுக்கும் பொது. ஆனால் அங்கே ஐரோப்பியச் செவ்விசை பிள்ளைகளிடம் கொண்டுவரப்பட்டது. இங்கே பிள்ளைகளின் சொந்த மண்ணின் இசையே, இழிவாகக் கருதப்பட்ட நிலையிலிருந்து மீட்டு அவர்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. இவ்வகையில் குருகுலத்துக்கு நெருங்கிய உறவு திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையமே ஆகும். சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறையை அங்கே தலித் இளம்பெண்கள் தோளில் மாட்டி ஆடினர்.

பெண்களைச் சேர்த்ததே குருகுலத்தின் துணிவான செயல். ஆண்களே பெண் வேடமும் கட்டிய கூத்தில், சிறுமிகள் திரௌபதியாக மட்டுமன்றித் துரியோதனனாகவும் கர்ணனாகவும் கட்டை அணிந்து வந்தனர். கூத்தின் சுருதி ஆண்குரலின் உச்சத்தில் அமைந்தது. பெண்குரலுக்கு ஏற்ப அதை அமைப்பதும், ஆணும் பெண்ணும் ஒரே காட்சியில் மாறி மாறிப் பாடும்போது பின்பாட்டுக்காரர்கள் இரண்டுக்கும் ஈடுகொடுப்பதும் இசையில் தீர்க்க வேண்டிய சிக்கல்களாயின. டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் ராஜகோபாலின் குழுவினரோடு சேர்ந்து, கருநாடக இசையையும் கட்டைக்கூத்தையும் ஒரே மேடையில் ஏற்றியபோதும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. சபை அரங்கின் அமைதிக்குப் பழகிய குரலும், திறந்தவெளிக்குப் பழகிய குரலும் ஒன்றுக்கொன்று அடிமையாகாமல் அருகருகே நிற்க முடியும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது. கூத்துக்கு மேலிருந்து அருள் செய்வதாக அது அமையாததே அதன் சிறப்பு.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது, சங்கம் தொடர்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் அங்கு பயின்று வெளியேறியவர்களில் சிலர் தொழில்முறைக் குழுக்களில் ஆடுகின்றனர். பெண்கள் முன்னின்று நடத்தும் குழுவும் அவர்களிடையே தோன்றியது. அரசுத் தரப்பில் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் சிறுவர்களுக்கு இசையும் நடனமும் கற்பிக்கின்றன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைகளுக்கும் இடம் உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சில நிமிடப் போட்டிக்காகத் தயாரிக்கப்படும் கூத்து, பதிவு செய்த இசைக்கு ஆடும் ஆட்டமாகச் சுருங்கிவிடக்கூடும். அங்கே பின்பாட்டு வரிசைக்கு வேலை இல்லை, சிறுவன் அமர்ந்து காதால் கற்கும் இடமும் இல்லை. ராணிப்பேட்டை மாவட்டப் பள்ளிகளில் கூத்தைக் கற்பிக்க விரும்புவோர், வேடம் கட்டும் பிள்ளைகளுக்கு முன்னால் மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் ஆசிரியரைத் தேட வேண்டும். முகவீணை வல்லோரில் பெரும்பாலோர் முதியவர்களாதலால், அந்தத் தேடலுக்கு இன்னும் சில ஆண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. பயின்ற பெண்களின் நிலையும் இதோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. கோயில் தர்மகர்த்தாக்கள் பெண் துரியோதனனை ஏற்று அச்சாரம் கொடுக்கத் தொடங்கிய பின்னும், திருமணத்துக்குப்பின் இரவுப் பயணத்துக்குக் குடும்பத்தார் இசைவு தராததால் கூத்தை விட்ட பெண்கள் உண்டு. அவர்களுள் ஆர்மோனியமும் மிருதங்கமும் அறிந்தவர்களைப் பகல் நேரப் பள்ளிப் பயிற்சிக்கு ஊதியம் கொடுத்து அமர்த்துவது, ஆசிரியர் பற்றாக்குறையையும் பயின்ற பெண்கள் கூத்தை விடும் நிலையையும் ஒருசேரக் குறைக்கும் வழியாக அமையும்.