ஒயில் லைற்றும் மண்ணெண்ணெய்க் காலமும்

எங்கட வீட்டு மொரிஸ் மைனரில நடுவில ஒரே ஒரு வட்ட மீற்றர்தான். அதுக்குள்ள சின்னதா ஒரு ஒயில் லைற். போன மாசம் எஞ்சின் சூடாகி மெதுவா ஓடேக்க அது மினுங்கத் தொடங்கிச்சுது. அம்மப்பா கேட்ட முதல் கேள்வி: "ஒயில் மண்ணெண்ணெய் மணக்குதோ?"

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஐம்பதுகளின் ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்கொடுத்து, சூடானபின்தான் மாற்ற வேண்டும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதைத் தாங்கின, புதுசுகள் திணறும்.

தாங்கின என்றாலும் சும்மா இல்லை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும், அழுத்தம் விழும், லைற் எரியும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறையாது, கூடும்! ஒயிலை மாற்றுவதுதான் மருந்து. தடைக்காலத்தில் அதுக்கு எங்கே போவது? பல்ப்பைக் கழற்றிவிட்டு ஓடினவையும் இருந்தவையாம். அம்மப்பா சிரிச்சுக்கொண்டு சொல்றார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் இதே கார்கள்தானே.

எங்கட காருக்கு கராஜ்காரர் தனியா ஒரு பிறஷர் மீற்றரைப் பூட்டிப் பாத்தார். அழுத்தம் சரி. பழுது சுவிச்சில மட்டும்தான், மாத்தியாச்சு. அம்மப்பா இன்னமும் டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்துதான் பாக்கிறார்.