குதிரை ஏறிய கப்பலில் வைத்தியர் ஏறவில்லை



அரபுக் குதிரை வியாபாரம் என்றால் நமக்கொரு பெருமை. ஹோர்முஸிலும் ஏடனிலும் இருந்து காயல் துறைக்குக் குதிரைகள் வந்த கதையை நாம் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். அதில் நாம் அதிகம் சொல்லாத பகுதி ஒன்று உண்டு.

1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதி வைத்தார். அங்குள்ள அரசர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 2000க்கு மேல் குதிரை வாங்கினார்களாம். வருட முடிவில் நூறுகூட மிஞ்சவில்லையாம். சோற்றையும் இறைச்சியையும் அவித்துத் தீனியாகக் கொடுத்தார்கள். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. வியாபாரிகள் குதிரை வைத்தியர்களைக் கூட்டி வரவுமில்லை, வர விடவுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்! ஒரு குதிரையின் விலை 220 தங்கத் தீனார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப்.

ஒரு பயணி சொன்னதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. நம் காலநிலையும் அந்தக் குதிரைகளுக்கு ஒத்துவந்திராது. குதிரை வைத்தியமே இந்தப் பக்கம் இருக்கவில்லை என்பதும் சரியல்ல. சாலிஹோத்திரர் பெயரில் வடமொழி நூல்கள் இருந்தன. 4ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்ததாகச் சூளவம்சம் கூறுகிறது.

அரபிகளிடமும் இந்த அறிவு நிறையவே இருந்தது. ‘பைத்தார்’ என்றால் கால்நடை வைத்தியர். மூலிகை அறிஞர் இப்னு அல்-பைத்தாரின் பெயருக்கே ‘கால்நடை வைத்தியரின் மகன்’ என்றுதான் பொருள். கெய்ரோவில் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதிடம் பணிசெய்த அபூபக்ர் என்ற வைத்தியர் குதிரை வைத்தியத்துக்கென்றே பெரிய நூல் எழுதினார். ஆக, மார்க்கோ போலோ சொன்னது உண்மையானால், இருந்த அறிவைத்தான் வியாபாரிகள் மறைத்தார்கள். கேட்ட அறிவை மறைத்தவருக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்ற எச்சரிக்கையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

சீனாவில் வேறு விதமாக நடந்ததைப் பாருங்கள். யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற இரு சகோதரர்கள் குதிரை வைத்தியம் செய்தவர்கள். தமக்குத் தெரிந்ததை 1608இல் புத்தகமாக்கினார்கள். படங்கள் போட்டார்கள். மனனம் செய்யப் பாட்டாகவும் எழுதினார்கள். குதிரையின் வாய்க்குள் நிறம் பார்ப்பது, நாடி பார்ப்பது, ஊசி குத்துவது எல்லாம் அதில் உண்டு. வயிற்றில் குளிர் தங்கிய குதிரைக்கு அவர்கள் சொன்ன மருந்தில் கறுவா, சுக்கு, சாதிக்காய், அதிமதுரம் சேரும். நமக்குத் தெரியாத சரக்கு ஒன்றுமில்லை! அந்தப் புத்தகம் பல தடவை மறுபதிப்பானது. சீனக் கால்நடை வைத்தியர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதிலுள்ள எல்லா மருந்தும் பலிக்கும் என்பதல்ல. எழுதி வைத்தபடியால்தான் எது பலிக்கும், எது பலிக்காது என்று சோதிக்க முடிகிறது.

நமதூரில் குதிரை இல்லை. மாடும் எருமையும் உண்டு. குளத்தங்கரையிலும் வட்டையிலும் பட்டி வைத்திருந்த மூத்தவர்களுக்கு வயிறு ஊதின மாட்டுக்கு எதை அரைத்துப் பருக்குவது, புழு வைத்த புண்ணுக்கு எந்த இலையைக் கட்டுவது என்று தெரியும். அவர்கள் அதை மறைக்கவில்லை. நாம்தான் கேட்கவில்லை. அவர்களோ ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே இளைஞர்களே, இந்த விடுமுறையில் ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். செடியின் பெயர், இலையா வேரா பட்டையா, எவ்வளவு, எந்த நோய்க்கு, கன்றுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதுங்கள். செடியைப் படமும் எடுங்கள். எழுதியதை அரச மிருக வைத்தியரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கால்வாய் நோய் போன்றவற்றுக்குத் தடுப்பூசிதான் வழி. அதில் தாமதிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டதைக் கீழே எழுதுங்கள். நாம் சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.