கட்டைக் குரல்: உஷா உதுப்புக்குத் தமிழ் சினிமா கொடுத்த இங்கிலீஷ் பாட்டு

இன்னைக்கு எபிசோடை என் குரலில் இருந்துதான் ஆரம்பிக்கணும். "முதல் அஞ்சு நிமிஷம் ஒரு பையன் பேசுறான்னே நினைச்சேன்"னு என்கிட்ட நேர்லயே சொன்னவங்க நிறைய பேர். பரவாயில்லை, பழகிடுச்சு.

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். நான் சொல்ற காலத்தில் அது தனி மாவட்டம்கூட இல்லை. 1995 வரைக்கும் நாங்க திருச்சி மாவட்டம். அஞ்சாவது படிக்கும்போது பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுற வரிசையில் நான் ஆசையா முன்னாடி நின்னேன். ஒரு டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிட்டாங்க. "உனக்குக் கட்டைக் குரல்மா, நீ வாயை மட்டும் அசை." அதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் வாயை மட்டும்தான் அசைச்சேன்.

அந்தச் சமயம் எங்க அண்ணன், பாட்டுப் பதிவு பண்ற கடையில் 'அஞ்சலி' படப் பாட்டெல்லாம் ஒரு கேசட்டில் பிடிச்சிட்டு வந்தான். இளையராஜாவுக்கு ஐந்நூறாவது படம், 1990. அதில் 'வேகம் வேகம்'னு ஒரு பாட்டு வரும். அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா அது, ஆம்பளையா பொம்பளையா?"ன்னு கேட்டாங்க. அண்ணன் உறையைப் பார்த்துட்டு, "உஷா உதுப்பு"ன்னான். பொம்பளைன்னு தெரிஞ்சதும் நான் அந்தப் பாட்டை எத்தனை முறை திருப்பிப் போட்டேன்னு கணக்கே இல்லை. பென்சில் விட்டுச் சுத்திச் சுத்தி கேசட் நாடாவே தேஞ்சு போச்சு.

சரி, யார் இந்த உஷா உதுப்? பலரும் அவரை வங்காளின்னு நினைக்கிறாங்க. நெத்தியில் பெரிய பொட்டு, அதில் 'க'ங்கிற வங்க எழுத்து, கொல்கத்தா வீடு. மலையாளின்னு நினைக்கிறவங்களும் உண்டு, கணவர் ஜானி சாக்கோ உதுப் கேரளக்காரர் என்பதால். ஆனால் 1947 நவம்பர் 8 அன்று பம்பாயில் அவர் பிறந்தது ஒரு தமிழ்க் குடும்பத்தில். அப்பா போலீஸ் அதிகாரி. வீட்டு ரேடியோவில் கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேல்நாட்டு இசை எல்லாமே ஓடும். அக்காக்கள் 'சாமி சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் மேடையேறிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் உஷாவை இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். குரல் மத்தப் பிள்ளைகளோட சேரலை, அதான் காரணம். ஆனால் அந்தப் பிள்ளைக்குள் ஏதோ தாளம் இருப்பதைக் கண்ட ஆசிரியை, கையில் ஒரு முக்கோணக் கம்பியைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். இதைப் பல பேட்டிகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த முக்கோணக் கம்பிகூடக் கிடைக்கலைங்கிறது வேற விஷயம்.

இந்தக் 'கட்டை' சமாசாரத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம், ஏன்னா கதையோட முடிச்சு இங்கதான் இருக்கு. ஆர்மோனியத்தில் விரல் வைக்கிற வெள்ளை, கறுப்புக் கட்டைகளை வைத்துத்தான் நம்மூரில் சுருதியைச் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. பெண்ணாகப் பிறந்து கீழே இறங்கிப் பாடினால் தப்புன்னு யாரும் எழுதி வைக்கலை. டி.கே. பட்டம்மாள் கனத்த குரலில்தான் கச்சேரி மேடையை ஆண்டார். ஆனால் சினிமாவில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. டூயட்டில் நாயகனும் நாயகியும் ஒரே சுருதியில் ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாடணும். டி.எம்.எஸ். கீழே, சுசீலா மேலே. கட்டைக் குரல்காரி அந்த மேல் ஸ்தாயிக்குப் போனால் திணறுவார், கீழேயே நின்றால் நாயகனோடு மோதுவார். இதோடு, நல்ல பொண்ணுன்னா குரல் மெல்லிசா, உயரமா இருக்கணும்ங்கிற நினைப்பும் சேர்ந்துக்கிச்சு.

ஜாஸ் உலகில் இந்தச் சிக்கல் இல்லை. சாரா வான், நீனா சிமோன் எல்லாம் ஆழத்திலிருந்து பாடினவங்கதான். பாடுபவர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, காதில் சொல்கிற மாதிரிப் பாடலாம். அங்கே தாழ்ந்த குரல் ஒரு சொத்து. அதனால்தான் உஷாவுக்கு முதலில் கதவு திறந்தது ஒரு நைட் கிளப்பில். அதுவும் எங்கே? நம்ம சென்னையில்!

மவுண்ட் ரோட்டில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டுன்னு மூணு தியேட்டர் சேர்ந்த வளாகம் இருந்ததைப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதன் அடித்தளத்தில் இருந்த கிளப்தான் நைன் ஜெம்ஸ். 1960களின் கடைசியில் அங்கே உஷா அய்யர் என்ற இருபத்திச் சொச்ச வயதுப் பெண், சேலை கட்டி, பூ வைத்து, வளையல் குலுங்க மேடையேறி இங்கிலீஷ் பாட்டுப் பாடினார். கிளப் பாடகி என்றால் கவுன் போடணும் என்றிருந்த காலம். புரட்சி பண்ணணும்னு அவர் சேலை கட்டவில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண், வீட்டில் கட்டுவதையே மேடைக்கும் கட்டினார். பிறகு பம்பாயின் டாக் ஆஃப் தி டவுன், 1969இல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ். அங்கேதான் பெயர் நிலைத்தது.

அந்தக் காலகட்டத்து இசைத்தட்டுதான் 'ஸ்காட்ச் அண்ட் சோடா'. அதில் ஹேங்க் வில்லியம்ஸின் 'ஜம்பலாயா', கிங்ஸ்டன் டிரியோ பாடிப் பிரபலமான 'கிரீன்பேக் டாலர்' இரண்டும் உண்டு. எல்லாமே வேறு யாரோ பாடிய பாட்டுகள்தான், புதுசா ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்கும்போது எனக்கு அது கடன் வாங்கின பாட்டாகத் தோன்றவில்லை. 'ஜம்பலாயா'வை அவர் விரட்டிக்கொண்டு பாடுவதில் நம்மூர்த் துள்ளல் ஒன்று இருக்கிறது. முக்கியமா, குரலை எங்கேயும் ஒல்லியாக்கிக் காட்ட முயலவில்லை.

அடுத்து நைரோபி. கென்யாவில் ஃபெலினி ஃபைவ் என்ற உள்ளூர்க் குழுவோடு சேர்ந்து ஒரு நேரலை ஆல்பம், 'மலைக்கா'வை சுவாஹிலியிலேயே பாடியது... அதை மட்டும் தனி எபிசோடாகப் போடலாம். இப்போ நமக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆப்பிரிக்காவே கூப்பிட்ட குரலைத் தமிழ் சினிமா எப்படிப் பயன்படுத்தியது?

1975இல் வந்த ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்துக்கு இசை குன்னக்குடி வைத்தியநாதன். அதில் உஷாவுக்கு ஒரு பாட்டு உண்டு, இங்கிலீஷில்! அதே படத்தில் தமிழைப் புகழ்கிற பாட்டு வாணி ஜெயராமுக்கு. வாணி பாடினதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அது அருமையான பாட்டு. அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'. எம்.எஸ். விஸ்வநாதன் உஷாவுக்குக் கொடுத்ததும் இங்கிலீஷ் பாட்டே. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பெண்ணை அழைத்து, இங்கிலீஷ் வேண்டிய இடத்தில் மட்டும் பாட வைத்தார்கள்.

இந்தி சினிமாவும் அப்படித்தான் தொடங்கியது. 1971இன் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் அவருக்கு வந்தது இங்கிலீஷ் பகுதி. ஆனால் பப்பி லஹிரி வந்ததும் கதை மாறியது. 1980இல் 'ஹரி ஓம் ஹரி', 1981இல் 'ரம்பா ஹோ', 1982இல் 'டிஸ்கோ டான்சர்'. அத்தனையும் இந்தி. டூயட்டுக்குப் பொருந்தாத குரலுக்கு, டூயட் அல்லாத பாட்டைப் போட்டார் மனிதர். அவ்வளவு எளிமையான தீர்வு! நம்ம பக்கத்துக்கும் ஒரு நியாயம் சொல்லணும். அவர் இருந்தது கல்கத்தாவில். மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒரே நேரத்தில் கூடி ஒலிப்பதிவு செய்த நாட்களில், சென்னையிலேயே இருப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு போகும். ஆனால் இங்கிலீஷ் பாட்டுக்கு மட்டும் கல்கத்தா தூரமாகத் தெரியவில்லை, பாருங்க.

கல்கத்தாவிலும் பூ தூவவில்லை. 1983 வாக்கில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டு சீரழிந்த கலாச்சாரம் என்று சொல்லி, அரசு அரங்கத்தில் பாட விடாமல் தடுத்தார். உஷா நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார்.

இங்கே எனக்கு எல்.ஆர். ஈஸ்வரி ஞாபகம் வராமல் இருக்காது. சினிமா அவரையும் பெரும்பாலும் கிளப் பாட்டுக்கே ஒதுக்கியது. ஆனா ஆடி மாசம் எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க. சிறுவாச்சூரைச் சுத்தி எந்த அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரிலும் ஈஸ்வரி குரல்தான். சினிமா கொடுக்காத இடத்தை அம்மன் கொடுத்துட்டா. உஷாவுக்கு அப்படி ஒரு தமிழ் இடம் அமையவே இல்லை. 'அஞ்சலி'யில் இளையராஜா கூப்பிட்டபோது 'இதயக்கனி' வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

2010இல் 'மன்மதன் அம்பு'வில் அவரை நடிக்கக் கூப்பிட்டார்கள். 2012இல், அறுபத்து நான்கு வயதில், 'சாத் கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்கு ரேகா பரத்வாஜோடு சேர்ந்து ஃபிலிம்ஃபேர் வாங்கினார். ரஷ்ய நாட்டுப்பாடல் மெட்டில் அமைந்த இந்திப் பாட்டு அது. 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். காஞ்சிபுரம் சேலைக்குக் கீழே, சேலைத் துணி ஒட்டிய ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு இன்னமும் மேடையேறுகிறார்.

கேட்க நினைக்கிறவங்க 'ஜம்பலாயா'வில் ஆரம்பிச்சு, 'ரம்பா ஹோ' வழியா 'வேகம் வேகம்' வரைக்கும் வாங்க. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்க. அடுப்படியில் இருந்து யாராவது எட்டிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டா, பதில் உங்ககிட்ட இருக்கு.