அடிக்குறிப்புக்கு ஒரு நிலையான முகவரி

அரபுக் கிதாபுகளை ஓதிப் பழகியவர்கள் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தை அறிவர். அங்கு 19ஆம் நூற்றாண்டில் அச்சான நூலொன்றின் பாகத்தையும் பக்கத்தையும் ஓர் அறிஞர் அடிக்குறிப்பில் தந்திருப்பாராயின், அப்பிரதி கையில் கிடைத்தால் இன்றும் அதே வரியில் நாம் விரல் வைக்கலாம். ஆய்விதழ்கள் 1990களில் இணையத்திற்கு வந்தபோது இந்த உறுதி குலைந்தது. பதிப்பகம் தன் தளத்தைச் சீரமைத்தாலோ இதழ் கைமாறினாலோ கட்டுரையின் முகவரி பயனற்றுப் போயிற்று. ஆதாரம் காட்ட முடியாத கூற்றுக்குக் கல்வியுலகில் என்ன மதிப்புண்டு என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கான தீர்வு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் உருப்பெற்றது. அங்கு நடைபெறும் புத்தகச் சந்தையையொட்டி அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவப் பதிப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கமும் கூடுவது வழக்கம். 1997ஆம் ஆண்டுச் சந்தையில் 'டிஓஐ' என்னும் அடையாள எண் அறிமுகமாயிற்று. 10 என்று தொடங்கி, இடையில் ஒரு சாய்கோடு பெற்ற இவ்வெண்ணை இன்று ஆய்வுக் கட்டுரைகளின் முதற்பக்கத்தில் காண்கிறோம். எண் ஒருபோதும் மாறாது; கட்டுரை இடம்பெயர்ந்தால் பொதுப்பதிவேட்டில் உள்ள முகவரியைப் பதிப்பகம் திருத்திவிடும்.

எனினும், ஒரு பதிப்பகத்தின் அடிக்குறிப்பிலிருந்து மற்றொன்றின் கட்டுரைக்குச் செல்ல அவற்றிடையே உடன்பாடு வேண்டும். பன்னிரண்டு பதிப்பகங்கள் தமக்குள் இருவர் இருவராக ஒப்பந்தம் செய்தால் 66 ஒப்பந்தங்களாகும், நூறாயின் 4,950. இது நடவாத காரியம்.

1999 மே மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் இயக்குநர் ஹெரால்ட் வார்மஸ், உயிர்மருத்துவ ஆய்வுகள் அனைத்தையும் கட்டணமின்றி ஒரே இடத்தில் வைக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். இயற்பியலாருக்கோ பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய இணையக் களஞ்சியம் ஏற்கெனவே இருந்தது. தம்மைக் கடந்து அறிவு பரவிவிடுமோ என்ற அச்சம் பதிப்பாளர்களைப் பற்றிக்கொண்டது. போட்டியாளர்கள் அவ்வாண்டு அக்டோபரில் பிராங்பர்ட்டில் மனமொப்பி அமர்ந்ததற்குத் தாராள மனம் மட்டுமே காரணமென்று நாம் கருதவில்லை. நவம்பரில் எல்சவியர், ஸ்பிரிங்கர், வைலி, ஆக்ஸ்ஃபோர்டு உள்ளிட்ட பன்னிரண்டு பதிப்பகங்களின் கூட்டுமுயற்சி அறிவிக்கப்பட்டது. 2000 ஜனவரியில் இலாபநோக்கற்ற அமைப்பொன்று பதிவாகி, ஜூனில் 'கிராஸ்ரெஃப்' இயங்கத் தொடங்கிற்று. ஒவ்வொரு பதிப்பகமும் தன் கட்டுரைகளின் விவரத்தை அங்கு ஒருமுறை ஒப்படைத்தால் போதும். 66 ஒப்பந்தங்களின் இடத்தில் ஒரே பொதுவாசல்.

அதன் அருமை பின்னரே புலப்பட்டது. அப்பன்னிருவரில் அகாடமிக் பிரஸ் 2001இல் எல்சவியரிடம் சேர்ந்தது; குளூவர் 2004இல் ஸ்பிரிங்கருடன் இணைந்தது; பிளாக்வெல்லை 2007இல் வைலி வாங்கிற்று. உடைமையாளர் பெயர்கள் மறைந்தன. அடிக்குறிப்பிலிருந்த எண்கள் செல்லுபடியாயின.

ஆனால் இவ்வெண் நம்மை வாசல்வரைதான் அழைத்துச் செல்கிறது. எண்ணைத் தட்டியதும் கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் தோன்றும். அதன்கீழ் டாலரில் ஒரு விலையும் தோன்றும். எத்தனையோ முறை நாமும் நம் மாணவர்களும் அவ்விடத்தோடு திரும்பியிருக்கிறோம். 2001 டிசம்பரில் புடாபெஸ்ட் நகரில் கூடிய வேறொரு சிறு குழுவினர் இக்கதவைத் திறப்பது பற்றியே ஆலோசித்தனர். அவர்களது பிரகடனம் 2002 பிப்ரவரி 14ஆம் நாள் வெளியாயிற்று. அக்கூட்டத்தின் வரலாறு தனியே எழுதத்தக்கது.